தை இன மக்களின் புத்தாண்டுச் சந்தைக்குச் செல்பவர்களுக்கு

பாபநாசத்தில் சித்திரை விசுவுக்கு நீராடக் கூட்டம் கூடுகிற அதே ஏப்ரல் நடுவில், சீனத்தின் யுன்னான் மாகாணத்தில் மேக்கோங் ஆறு பாயும் சிசுவாங்பன்னாவில் தை இன மக்களின் புத்தாண்டு வருகிறது. பெயரைக் கேட்டு நம் தை மாதத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து செல்பவர்கள் புத்தாண்டில் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் தெளிக்கும் நாளுக்கு முன்பே ஊர்ச் சந்தையைப் பார்த்துவிடுவது நல்லது. அந்த நாளில் தெருவில் இறங்கும் எவரும் நனையாமல் திரும்புவது அரிது என்பதால், கைபேசியையும் கடவுச்சீட்டையும் நீர் புகாத உறையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தைக்கு விடியற்காலையிலேயே சென்று, பசையரிசி மாவை நாட்டுச் சர்க்கரையோடு பிசைந்து வாழையிலையில் மடித்து அவிக்கும் புத்தாண்டுப் பலகாரத்தைச் சூடாகக் கேட்டு வாங்குங்கள். கார்த்திகைக்கு ஓலைக்கொழுக்கட்டை தின்று வளர்ந்த நாவுக்கு அது அந்நியமாகத் தோன்றாது. சைவ உணவினர் மற்ற பண்டங்களை விசாரித்தே வாங்க வேண்டும்.