விதியா, விருப்பமா: வாதிடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனிதன் தன் விருப்பப்படி நடக்கிறானா, அல்லது பிறப்பும் வளர்ப்பும் சூழலும் அவனை நடத்துகின்றனவா என்ற விவாதத்தில் அடிக்கடி நேரும் பெரும்பிழை, 'எதற்கும் காரணம் உண்டு' என்ற கூற்றையும் 'என்ன செய்தாலும் நடப்பதுதான் நடக்கும்' என்ற கூற்றையும் ஒன்றாகக் கொள்வதாகும். நோய் தீர வேண்டும் என்று விதி இருந்தால் மருத்துவர் எதற்கு என்று பண்டைய கிரேக்கத்திலேயே கேட்டார்கள். அதற்குச் 'சோம்பல் வாதம்' என்றே பெயர் வைத்திருந்தார்கள். விதியில் உறுதியான நம்பிக்கை கொண்டிருந்த ஸ்டோயிக் தத்துவவாதி கிரிசிப்பஸ், மருத்துவரை அழைப்பதும் நோய் தீர்வதும் சேர்ந்தே விதிக்கப்பட்டவை என்று விடை சொன்னார். காரணங்களின் தொடரில் நம் முயற்சியும் ஒரு காரணம். அதை நீக்கிவிட்டால் விளைவும் மாறிவிடும்.

நம்மிடையே இதே பிழை, 'ஊழிற் பெருவலி யாவுள' (ஊழைவிட வலியது எது) என்ற 380ஆம் குறளைச் சொல்லி வாதத்தை முடித்துவிடும் வழக்கமாக வெளிப்படுகிறது. அதே வள்ளுவர் 620ஆம் குறளில், தளராது உழைப்பவர் 'ஊழையும் உப்பக்கம் காண்பர்', அதாவது ஊழையும் புறமுதுகிடச் செய்வர் என்கிறார். இரண்டில் ஒன்றை மறைத்துவிட்டு மற்றொன்றை மட்டும் காட்டுவது வள்ளுவருக்கு இழைக்கும் அநீதி என்றே கருதுகிறேன்.

அறிவியலின் பெயரால் நேரும் தவறு சற்று நுட்பமானது. 1983இல் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட்டும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் தாம் விரும்பிய கணத்தில் மணிக்கட்டை அசைக்க வேண்டும், 2.56 விநாடிக்கு ஒருமுறை சுற்றும் ஒளிப்புள்ளியைப் பார்த்து, அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது எழுந்தது என்பதையும் சொல்ல வேண்டும். எண்ணம் எழுந்ததாக அவர்கள் சொன்ன நேரம் அசைவுக்குச் சுமார் 0.2 விநாடி முன்பு. அசைவுக்கு மூளை ஆயத்தமாவதைக் காட்டும் மின் அலையோ அசைவுக்கு அரை விநாடிக்கும் முன்பே தொடங்கியிருந்தது. இதிலிருந்து 'மூளை முடிவெடுத்த பிறகே நமக்குத் தெரிகிறது' என்று உடனே முடிவுகட்டுகிறார்கள். ஆனால் எழுந்த உந்துதலை இறுதிக் கணத்தில் தடுக்கும் ஆற்றல் மனிதனுக்கு உண்டு என்று லிபெட்டே கருதினார். அந்த அலை முடிவின் தொடக்கம் அல்ல, மூளையில் இயல்பாக ஏறியிறங்கும் செயல்பாட்டின் தடமாக இருக்கலாம் என்று 2012இல் ஆரன் ஷுர்கரும் உடன் ஆய்வாளர்களும் விளக்கினர். மேலும், யோசனையே தேவைப்படாத ஒரு மணிக்கட்டசைவை வைத்து, வேலையை விடலாமா, திருமணம் செய்யலாமா என்று மாதக்கணக்கில் யோசிக்கும் மனத்தை அளக்க முடியாது.

குவாண்டம் இயற்பியலில் தற்செயல் இருப்பதால் மனிதனுக்குச் சுதந்திரம் உண்டு என்பதும் பொருந்தாது. தற்செயலாக அசைந்த கை, என் விருப்பத்தால் அசைந்த கை ஆகிவிடாது.

காரணம் இருந்தாலே பொறுப்பு அற்றுப்போகும் என்று நினைப்பதும் தவறு. ஒருவர் குற்றம் செய்ததற்கு வறுமையோ வளர்ப்போ காரணமாக இருந்தது என்பதனால் மட்டும் சட்டம் அவரை விடுவிப்பதில்லை. இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு, மனநிலை பிறழ்வால் தன் செயலின் தன்மையையோ அது தவறு என்பதையோ அறிய இயலாத நிலையில் செய்ததைக் குற்றமாகக் கொள்வதில்லை. 20ஆம் பிரிவு ஏழு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் விலக்கு அளிக்கிறது. செயலுக்குக் காரணம் இருந்ததா என்பதைவிட, செய்தவருக்கு அதை அறியும் திறன் இருந்ததா என்பதே அங்கே கேள்வி.