செயற்கைப் புல்லை எடுத்துவிட்டு நிஜப் புல் வைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கொஞ்ச காலமாக என் போனுக்கு வரும் படங்கள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கின்றன. திட்டுத் திட்டாகப் பழுத்த புல்தரை, ஓரத்தில் ஒரு ஹோஸ் பைப், கூடவே ஒரு கேள்வி: "தினமும் தண்ணீர் விடுகிறோம், அப்புறமும் ஏன் இப்படி?" விசாரித்தால் கதை ஒன்றுதான். பல வருடம் முன்பு விரித்த பிளாஸ்டிக் புல் சாயம் போய், நார் படுத்து, வெயிலில் கால் வைக்க முடியாதபடி சுட்டது. சரி என்று எடுத்தாயிற்று, நிஜப் புல் வைத்தாயிற்று. வைத்த விதம் மட்டும், இந்த வேலைக்கு வந்த புதிதில் நாங்கள் எல்லாரும் வைத்த அதே விதம்.

தண்ணீர் விட மறக்காதீர்கள், மழுங்கிய பிளேடால் வெட்டாதீர்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்ததுதான், அதற்குள் போகவில்லை. செயற்கைப் புல் கிடந்த இடம் என்பதாலேயே வரும் சிக்கல்களை மட்டும் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் ஏன் வந்தது என்று கேட்காமல் இறங்குவது

பல வீடுகளில் பிளாஸ்டிக்குக்கு முன்னால் அங்கே நிஜப் புல்தான் இருந்திருக்கும். அது பிழைக்காமல் போனதால்தான் பிளாஸ்டிக் வந்தது. மர நிழலாக இருக்கலாம், தண்ணீர் தேங்கியிருக்கலாம், நாய் ஒரே இடத்தைத் தோண்டியிருக்கலாம். அந்தக் காரணம் எங்கேயும் போய்விடவில்லை. மரம் என்றால் இந்த இடைவெளியில் இன்னும் நன்றாகப் படர்ந்திருக்கும்.

அருகம்புல் வகைகளுக்கு ஒரு நாளில் 6 மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். கொரியன் புல் கொஞ்சம் நிழலைப் பொறுக்கும், ஆனால் மெதுவாகத்தான் படரும். 2, 3 மணி நேரம்கூட வெயில் விழாத மூலையில் எந்த லான் புல்லும் வேண்டாம். அங்கே நிழலில் வளரும் தரைப்படர் செடிகளை வையுங்கள். வெயிலை மனக்கணக்கில் போடாதீர்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை மணிக்கு ஒரு தடவை, ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுத்துப் பாருங்கள். "எங்கள் இடத்தில் நாள் முழுக்க வெயில்" என்று அடித்துச் சொன்னவர்கள் அந்தப் போட்டோக்களைப் பார்த்த பிறகு பேச்சை மாற்றிக்கொள்வதுதான் வழக்கம்.

உரிக்கும்போது காட்டும் அவசரம்

விரிப்பை ஒரு ஓரத்தில் பிடித்து இழுத்தால், நாருக்குள் கிடக்கும் மணலும் ரப்பர் துகளும் தோட்டம் முழுக்கச் சிதறும். மணல் பரவாயில்லை. கருப்பு ரப்பர் துகள் பழைய டயரை அரைத்தது, அதில் துத்தநாகம் உண்டு. அது மண்ணில் நிறையச் சேர்ந்தால் செடிக்கு ஆகாது. கலந்துவிட்டால் திரும்பப் பொறுக்கவும் முடியாது. அதனால் முதலில் துகளைப் பெருக்கியோ வாக்குவம் போட்டோ எடுத்துவிடுங்கள். அப்புறம் விரிப்பைப் புரட்டி, முதுகுப் பக்கமாகக் கத்தி போட்டு, ஆள் தூக்கும் அகலத்துக்கு நறுக்கிச் சுருட்டுங்கள்.

இன்னொன்று ஆணி. ஓரம் முழுக்க, சாணுக்கு ஒன்றாக அடித்திருப்பார்கள். விரிப்போடு பாதி வரும், மீதி மண்ணில் தங்கும். ஒரு காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரை முழுக்க இழுத்துப் பாருங்கள். புல் வெட்டும் மெஷினின் பிளேடில் பட்டுத் தெறிக்கும் ஆணி எந்தப் பக்கம் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ஜல்லியை அப்படியே விட்டு, மேலே மண் கொட்டுவது

இத்தனை வருடம் கழித்தும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். செலவு மிச்சம் என்று ஆரம்பித்து, இரண்டு மடங்கு செலவில் முடியும் வேலை இது.

பிளாஸ்டிக் புல்லுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று ஒரு தடவை வெட்டிப் பாருங்கள். விரிப்புக்குக் கீழே களை வராமல் இருக்க ஒரு கருப்புத் துணி. அதற்குக் கீழே 2, 3 சென்டிமீட்டர் கிரஷர் தூள், அதாவது கல் உடைக்கும்போது வரும் தூள். அதற்கும் கீழே 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை, சில இடங்களில் அதற்கு மேலும், உடைத்த ஜல்லி. எல்லாவற்றையும் மெஷின் வைத்துத் தட்டித் தட்டி இறுக்கியிருப்பார்கள். சிலர் ஜல்லிக்கு அடியிலும் இன்னொரு துணி விரித்திருப்பார்கள். ஒரு செடிகூட முளைத்துவிடக் கூடாது என்று திட்டம் போட்டுக் கட்டிய தளம் அது. அதன் தலையில் நாலு விரல் மண்ணைக் கொட்டிப் புல்லை வைத்துவிட்டு, ஏன் வளரவில்லை என்று கேட்கிறோம்.

"ஜல்லி இருந்தால் தண்ணீர் வடியும், நல்லதுதானே" என்பார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பதோ நேர் எதிர். பொடி மண்ணின் நுண்ணிய இடுக்குகள் தண்ணீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும். அதற்குக் கீழே பெரிய பெரிய சந்துகள் உள்ள ஜல்லி வந்தால், தண்ணீர் உடனே கீழே இறங்காது. மேல் மண் முழுக்க ஊறி நிரம்பிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். தொட்டியின் அடியில் ஓட்டுச் சில்லு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று நம்புகிறோமே, அங்கேயும் இதே கணக்குதான். ஆக, மழைக்காலத்தில் வேர் இருக்கும் இடம் சேறாகவே கிடக்கும். வெயில் காலத்தில் அந்த மெல்லிய மண் சீக்கிரம் காயும். ஆழத்தில் ஈரம் இருந்தாலும் ஜல்லியைத் தாண்டி அது மேலே ஏறி வராது. ஒரே தரை மழையில் அழுகும், வெயிலில் கருகும். இரண்டு மாதத்துக்குள் இரண்டையும் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறேன். வேலை எடுத்தவர் ஜல்லியை அள்ளத் தனியாகக் காசு கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் யோசித்ததும், "வேண்டாம் சார், மேலே மண் போட்டாலே போதும்" என்று அவரே வழி சொல்லிவிட்டார். முதல் மாதம் பார்க்க ஜோராக இருந்தது. மழை பெய்ததும் கால் வைத்த தடம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் நின்றது. மழை நின்று வெயில் ஏறியதும் பட்டை பட்டையாக மஞ்சள். தண்ணீரை இரண்டு வேளை ஆக்கினார்கள். பூஞ்சை மருந்து அடித்தார்கள். யூரியா போட்டார்கள். கடைசியில் புல் மட்டம் என்று முடிவு கட்டி, எல்லாவற்றையும் உரித்துப் புதுப் புல் வைத்தார்கள். அதுவும் மஞ்சளானபோதுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

ஒரு மூலையில் விரலைக் கொடுத்துத் தூக்கினேன். புல்லும் மண்ணுமாக, பாயைப் போல மொத்தமாக எழும்பி வந்துவிட்டது. வேர் கருப்புத் துணி வரை இறங்கி, அங்கே முட்டி, பக்கவாட்டில் திரும்பி, துணியோடு துணியாகப் பின்னிக் கிடந்தது. அன்று காலையில்தான் தண்ணீர் விட்டிருந்தார்கள். துணிக்கு மேலே கை வைத்தால் சதசதவென்று ஈரம். துணியைக் கிழித்து அடியில் விட்டால் கிரஷர் தூள் பொடிப் பொடியாக, உலர்ந்து. வீட்டுக்காரர் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. இரண்டு தடவை வாங்கிய புல், ஒரு தடவை வாங்கிய மண், மருந்து, உரம் எல்லாம் போக, முதலில் வேண்டாம் என்ற ஜல்லி அள்ளும் வேலையும் மிச்சம் இருந்தது. இந்தத் தடவை மண்ணையும் சேர்த்து அள்ள வேண்டியிருந்தது.

அந்தத் தூள் சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் இன்னொரு தொல்லை. மண்ணின் காரத்தன்மை ஏறும். புல்லுக்கு மண்ணின் அமில-கார அளவான பி.எச். 6-லிருந்து 7-க்குள் இருந்தால் நல்லது. அதற்கு மேலே போகப் போக, மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது, இலை வெளுக்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் யூரியாவைக் கொட்டுகிறார்கள்.

எனவே துணி, தூள், ஜல்லி, அடித் துணி எல்லாமே வெளியே போக வேண்டும். கிளறி மண்ணோடு கலந்துவிடலாமே என்று குறுக்குவழி தேடாதீர்கள். எவ்வளவு வரும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள். 50 சதுர மீட்டர் இடத்தில் 10 சென்டிமீட்டர் கனம் என்றால் 5 கன மீட்டர், இறுகிய ஜல்லி கிட்டத்தட்ட 10 டன் வரும். அதை எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்யாமல் கடப்பாரையைத் தொடாதீர்கள்.

அள்ளி முடித்ததும் மண் தெரியும், உடனே சந்தோஷப்பட வேண்டாம். மெஷின் தட்டியதில் அந்த மண்ணும் இறுகியிருக்கும். லேசாக ஈரமாக இருக்கும்போது ஒரு நீள ஸ்க்ரூடிரைவரைக் கையால் அழுத்திப் பாருங்கள். 15 சென்டிமீட்டர் இறங்கவில்லை என்றால் வேரும் இறங்காது. 15, 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குத்தித் தளர்த்துங்கள். சேறாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம், இன்னும் இறுகும். பிறகு ஒரு அடிக் குழி தோண்டித் தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். 2.5 சென்டிமீட்டர் இறங்கினால் போதும். அதற்கு அப்புறம் 3 முதல் 5 சென்டிமீட்டர் மக்கிய உரத்தைக் கலந்து, மேலே குறைந்தது 15 சென்டிமீட்டர் நல்ல மேல் மண்.

அடியில் கான்கிரீட் தளம் என்றால் உடைத்து எடுங்கள், இல்லையென்றால் புல் ஆசையை விடுங்கள். நாலு ஓட்டை போட்டுச் சமாளிக்கலாம் என்பவரிடம் வேலை கொடுக்காதீர்கள்.

லோடில் வரும் மண்ணை நம்புவது

மண்ணோடு கோரைக்கிழங்கும் வரும். இலையைப் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே தங்கி, சில நாளில் மறுபடி முளைக்கும். ஒரு கிழங்கிலிருந்து மெல்லிய தண்டு ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று சங்கிலியாகப் போகும். புல் மூடிய பிறகு இதைத் தோண்டி எடுப்பது பெரும்பாடு. மண்ணை நிரவி, தண்ணீர் விட்டு, 2, 3 வாரம் சும்மா விடுங்கள். முளைப்பது முளைக்கட்டும். கிழங்கோடு தோண்டி எடுத்துவிட்டு அப்புறம் புல் வையுங்கள். அந்த நாட்களில் மண்ணும் தன் பாட்டுக்குப் படிந்துவிடும்.

மட்டம் பார்க்காதது

படியாத மண்மேல் புல் வைத்தால் பள்ளம் விழும். காலால் மிதித்து, வரண்டி, மறுபடி மிதியுங்கள். வைக்கப் போகும் புல்லின் கனத்துக்காக, நடைபாதை ஓரத்தைவிட 2, 3 சென்டிமீட்டர் தாழ்வாக மண்ணை நிறுத்துங்கள். தண்ணீர் ஓடும் சரிவு சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, மீட்டருக்கு 1 முதல் 2 சென்டிமீட்டர். சுவரில் ஈரத்தடுப்புப் பட்டை இருந்தால் மண் அதற்கு 15 சென்டிமீட்டர் கீழேயே நிற்கட்டும்.

புல்லை வாங்கி வைத்துவிட்டு மண்ணைத் தயார் செய்வது

தலைகீழ் வேலை. சுருட்டிய புல் ஒரு நாள் தாங்கும், அதற்கு மேல் உள்ளே சூடேறிப் பழுத்துவிடும்.

ஒரு பட்டையை மட்டும் பிளாஸ்டிக்காக விட்டுவைப்பது

வேண்டாம். வெயிலில் அது 60 டிகிரியைத் தாண்டும், புல் வெட்டும் மெஷினும் அதன் ஓரத்தைக் கடித்து இழுக்கும்.

முதல் நாளே யூரியா

வேர் பிடிக்காத புல்லுக்கு எதற்கு?

பச்சையாக இருக்கிறதே என்று நடமாடுவது

பிளாஸ்டிக்கில் பழகிய வீடுகளில் இது அடிக்கடி நடக்கும். நாற்காலியை இழுப்பார்கள், குழந்தைக் குளத்தை நாள் முழுக்கப் போட்டுவைப்பார்கள். புதுப் புல் முதல் 2 வாரம் வெறுமனே மண்மேல் கிடக்கிறது, அவ்வளவுதான். ஒரு மூலையை மெதுவாக இழுத்துப் பாருங்கள். எழும்பி வந்தால் வேர் பிடிக்கவில்லை, நடக்கவும் வெட்டவும் கூடாது. அதுவரை அடி மண் ஈரமாக இருக்கும்படி அடிக்கடி தண்ணீர். வேர் பிடித்ததும் தண்ணீர் விடும் நாட்களைக் குறைத்து, விடும்போது ஆழமாக ஊறும்படி விடுங்கள். முதல் வெட்டில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

நாய் சிறுநீர் விட்ட இடத்தில் உடனே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் புல் தப்பும். கேட்டிலிருந்து வாசலுக்கு எல்லாரும் குறுக்கே நடக்கும் ஒரு தடம் எப்படியும் உருவாகும், அங்கே எந்தப் புல்லும் நிற்காது. அதில் நடைக்கல் பதித்துவிடுங்கள். கல்லுக்கு அடியில் போட, அள்ளிய ஜல்லியில் நாலு மூட்டை எடுத்து வைத்துக்கொள்ளலாம்.