மிச்சிகன் ஏரிப் பக்கம் வழி கேட்பது எப்படி: கை வரைபடமும் ஊர்ப் பட்டப்பெயர்களும்

டெட்ராய்ட் பக்கம் கார் கம்பெனி வேலைக்கு வரும் நம்மவர்களில் பலருக்கு ட்ராய், நோவை, கேன்டன் என்று நாலு ஊர்தான் பழக்கம். ஆபீசில் ஒருவர் "வாரக்கடைசிக்கு அப் நார்த் போறோம்", "என் மனைவி யூப்பர்" என்று சொன்னால் பேச்சு அதோடு நின்றுவிடுகிறது. இதைப் பழகிக்கொள்ளத் தனியாக வரைபடம்கூட வேண்டாம், உங்கள் கை போதும்.

வலது கையை உள்ளங்கை உங்களைப் பார்க்கிற மாதிரி தூக்கிப் பிடியுங்கள். நாலு விரலும் சேர்ந்திருக்கட்டும், கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் விலகி இருக்கட்டும். இதுதான் மிச்சிகன் மாநிலத்தின் கீழ்த் தீபகற்பம். சுண்டுவிரல் ஓரம் முழுக்க மிச்சிகன் ஏரி, கட்டைவிரல் பக்கம் ஹியூரான் ஏரி. கட்டைவிரலுக்குக் கீழே மணிக்கட்டை ஒட்டி டெட்ராய்ட், உள்ளங்கை நடுவில் தலைநகர் லான்சிங், சுண்டுவிரலும் மோதிரவிரலும் பிரிகிற இடுக்கில் செர்ரிக்குப் பேர்போன டிராவர்ஸ் சிட்டி. கட்டைவிரல் பகுதிக்குப் பெயரே 'தம்ப்'தான், வானிலைச் செய்தியில்கூட அப்படித்தான் சொல்வார்கள். இந்த ஊர்க்காரரிடம் சொந்த ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள், வாய் திறப்பதற்கு முன்னால் கையைத் தூக்கி ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டுவார். நீங்களும் அப்படிக் காட்டினால் அவர் முகம் மலர்வதைப் பார்க்கலாம்.

அப்புறம் இடது கை. விரல் நுனிகள் வலப்பக்கம் பார்க்க, கட்டைவிரல் மேலே நிற்க, அதை வலது கைக்கு மேலே படுக்க வையுங்கள். இது மேல் தீபகற்பம், எல்லாரும் சொல்வது 'யூ.பி.' நிமிர்ந்து நிற்கும் கட்டைவிரல்தான் கீவினா, பழைய செம்புச் சுரங்கப் பகுதி. அதற்கு மேலே சுப்பீரியர் ஏரி. 1978-79 குளிர்காலத்தில் கீவினாவில் 390 அங்குலத்துக்கும் மேல் பனி கொட்டியது. உறையாத ஏரித் தண்ணீர் மேல் குளிர்காற்று வீசி, ஈரத்தை அள்ளிக்கொண்டு கரையேறியதும் பனியாக இறக்கிவிடுகிறது, அவ்வளவுதான் காரணம்.

இரண்டு கைக்கும் நடுவிலுள்ள ஜலசந்தியில்தான் மிச்சிகன் ஏரியும் ஹியூரானும் ஒன்றாகச் சேர்கின்றன. இரண்டுக்கும் நீர்மட்டம் ஒன்றே, உண்மையில் இது இரட்டைப் பெயர் கொண்ட ஒரே ஏரி. அந்த ஜலசந்தியின் மேல் போகும் மேக்கினா பாலம் 1957-ல் திறக்கப்பட்டது, நீளம் சுமார் 8 கிலோமீட்டர். அதுவரை படகில் காரை ஏற்றித்தான் கடக்க வேண்டும், மான் வேட்டைக் காலத்தில் கார்கள் மைல்கணக்கில் வரிசை கட்டி நிற்கும். அந்தப் பெயரின் ஆங்கில எழுத்தில் கடைசியில் ஒரு 'க்' இருக்கும், அதை உச்சரிக்காதீர்கள். மேக்கினா என்றே சொல்லுங்கள்.

பட்டப்பெயர் எல்லாம் இந்தப் பாலத்தை வைத்துத்தான். பாலத்துக்கு வடக்கே இருப்பவர் யூப்பர். அதை அவர்களே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள், தயங்காமல் நீங்களும் சொல்லலாம். தெற்கே இருப்பவர்களை அவர்கள் 'ட்ரோல்' என்பார்கள். ஐரோப்பியக் கதைகளில் பாலத்தடியில் குடியிருக்கும் பூதத்துக்கு அந்தப் பெயர், நாமோ பாலத்துக்குக் கீழே இருக்கிறோம். ட்ராயில் வீடு வாங்கிய நம் ஆளும் அவர்கள் கணக்கில் ட்ரோல்தான், இது செல்லமான கிண்டல், கோபப்பட ஒன்றுமில்லை. 'ஃபட்ஜி' என்பது சுற்றுலாக்காரர்களுக்கு, மேக்கினா தீவுக்குப் போய் ஃபட்ஜ் மிட்டாய்ப் பெட்டியோடு திரும்புவதால் வந்த பெயர். அதில் லேசான எரிச்சல் கலந்திருக்கும், அதனால் அடுத்தவரைப் பார்த்துச் சொல்லாமல் இருப்பது நல்லது. அந்தத் தீவில் 1898 முதல் கார் கிடையாது, குதிரை வண்டியும் சைக்கிளும்தான்.

'அப் நார்த்' என்கிற வடபகுதி எங்கே ஆரம்பிக்கிறது என்று மட்டும் ஒருவரிடமும் முடிவாகக் கேட்காதீர்கள், ஆளுக்கொரு கோடு போடுவார்கள். கிளேர் என்ற ஊர் தன்னை வடக்கின் வாசல் என்று சொல்லிக்கொள்கிறது, நான் அதையே வைத்துக்கொள்கிறேன்.

யூ.பி.க்குக் கிளம்பும்போது தூரத்தைக் குறைத்து எடைபோட வேண்டாம். டெட்ராய்டிலிருந்து கீவினா முனையிலுள்ள காப்பர் ஹார்பருக்குப் போவதைவிட வாஷிங்டன் நகரம் பக்கம். விஸ்கான்சின் எல்லையை ஒட்டிய நாலு கவுன்டிகளில் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் ஓடும், ஹோட்டல் அறை போட்டிருந்தால் அதையும் கணக்கில் வையுங்கள். வழியில் பசித்தால், மாவுக்குள் பூரணம் வைத்துச் சுட்ட பாஸ்டி வாங்கிச் சாப்பிடுங்கள், கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கத் தொழிலாளர்கள் கொண்டுவந்த பண்டம் அது. உள்ளே மாட்டிறைச்சி இருக்கும், சாப்பிடாதவர்கள் காய்கறி வைத்தது இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.