முரட்டு எஸ்டேட் காரை மென்மையாக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டனில் பழைய பிஎம்டபிள்யூ 335டி டூரிங் (பின்னால் சாமான் ஏற்ற நீளமான இடம் உள்ள எஸ்டேட் கார்) வாங்குகிற பலருக்கும் ஒரே குறைதான். இஞ்சின் அருமை, பின்னால் எவ்வளவு சாமான் வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் சின்னப் பள்ளத்தில் இறங்கினாலும் முதுகு வரை உதறுகிறது. 2012 முதல் 2019 வரை வந்த எஃப்31 தலைமுறையில் எம் ஸ்போர்ட் என்ற ஸ்போர்ட்டி வகை வண்டி ஒன்றை நானும் வைத்திருக்கிறேன். எனக்கு அது ரொம்பப் பிடித்த கார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் ஷாக் அப்சார்பரை மாற்றக் கிளம்பாதீர்கள். முதலில் டயரைப் பாருங்கள். 19 அங்குல வீலில் முன் டயர் 225/40, அதாவது அகலம் 225 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 40 சதவீதம், வெறும் 90 மி.மீ. அதே வண்டிக்கு 17 அங்குலத்தில் 225/50 போட்டால் 112 மி.மீ. டயரின் மொத்த உயரம் ஏறக்குறைய மாறாது, பள்ளத்தை வாங்கிக்கொள்ளும் காற்று மட்டும் கூடுகிறது. அதோடு ரன்-ஃப்ளாட் டயர் என்றால், காற்று போன பிறகும் 80 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 80 கி.மீ. ஓட வேண்டும் என்பதற்காகச் சுவரைத் தடிப்பாக்கியிருப்பார்கள். சாதாரண டயருக்கு மாறினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் இந்த வண்டியில் ஸ்டெப்னி கிடையாது. பஞ்சர் திரவமும் சிறு கம்ப்ரஸரும் வாங்கி வைக்காமல் மாறக்கூடாது. பெரிய பிரேக் உள்ள வண்டியில் 17 அங்குல வீல் காலிப்பரில் (பிரேக் பேடைப் பிடித்திருக்கும் பகுதி) இடிக்கலாம், மாட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். டயரின் சுமை எண்ணை (எவ்வளவு எடை தாங்கும் என்பதைக் காட்டும் எண்) குறைக்கவே கூடாது, இது சாமான் ஏற்றும் வண்டி. இன்சூரன்ஸ்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

காசே செலவில்லாமல் சரிசெய்யக்கூடிய தவறு ஒன்றும் உண்டு. ஓட்டுநர் கதவுப் பக்கம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் சுமை குறைவாக இருந்தால் ஒரு காற்றழுத்தம், முழுச் சுமைக்கு வேறொன்று என்று போட்டிருக்கும். முந்தையவர் விடுமுறைப் பயணத்துக்கு ஏற்றிய அழுத்தத்திலேயே வருடம் முழுக்க ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து சரிசெய்யுங்கள். மெத்தென்று இருக்கட்டும் என்று அட்டவணைக்கும் கீழே இறக்கினால் டயர் சூடாகும், பள்ளத்தில் ரிம் அடிபடும்.

அப்புறம் புஷ், அதாவது சஸ்பென்ஷன் கைகள் வண்டியோடு சேரும் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை. என் வண்டியில் பின் சக்கரங்களைப் பிடித்திருக்கும் கைகளின் ரப்பர் புஷ்களைப் புதிதாகப் போட்டும் உதறல் முன்பைவிடக் கூடியது. காரணம் தெரிய நாளானது. வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். இந்தப் புஷ்ஷில் ரப்பர் உள்குழாயோடும் வெளிக்குழாயோடும் ஒட்டியே இருக்கும். தொங்கும்போது இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கிக்கொண்டுதான் நிற்கும். அது கூடுதல் ஸ்பிரிங் மாதிரி எதிர்த்துத் தள்ளும், சீக்கிரம் கிழியவும் செய்யும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரத்துக்கு அடியில் முட்டுக் கொடுத்து, வண்டி நிற்கும் உயரத்துக்குக் கொண்டுவந்து மறுபடி இறுக்கியதும் பாதி உதறல் போயிற்று. இதற்கென்று ஒரு பாகம்கூடப் புதிதாக வாங்கவில்லை.

ஸ்பிரிங்கையும் பாருங்கள். முந்தையவர் தாழ்வான ஸ்பிரிங் போட்டிருந்தால் ஷாக்குக்கு அசைய இடமே இருக்காது. சின்ன மேட்டிலும் பம்ப் ஸ்டாப்பில் (ஷாக் முழுதாக அமுங்கும்போது தாங்கும் மெத்தைக் கட்டை) போய் முட்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் பம்ப் ஸ்டாப் நசுங்கி, பொடிப்பொடியாக உதிர்ந்திருப்பது தெரியும். அப்படியிருந்தால் பழைய உயரத்துக்கே ஸ்பிரிங்கை மாற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு ஷாக் தேவைப்பட்டால், பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். பில்ஸ்டீன் என்ற ஷாக் கம்பெனியின் வரிசையில் பி4 என்பது வண்டியோடு வந்த ஷாக்குக்கு மாற்று. பி6 அதைவிட விறைப்பானது, பி8 தாழ்த்திய வண்டிக்கானது. எண் கூடக் கூட சொகுசும் கூடும் என்று நினைத்து பி8 போட்டால் இன்னும் உதறும். எலக்ட்ரானிக் ஷாக் உள்ள வண்டியில் சாதாரண ஷாக்கைப் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். இடது வலது இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள்.

ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் எது வேலை செய்தது என்றே தெரியாது. நான் வீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டுப்போட்ட சாலை ஒன்றை வைத்திருக்கிறேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே வேகத்தில், பின்னால் எதுவும் ஏற்றாமல், அதில்தான் ஓட்டிப் பார்ப்பேன்.