கூல்டிரிங்ஸ் டின்னில் சால்டர் பேஸ்ட் ஸ்டென்சில்

சர்க்யூட் போர்டில் பாகங்களை ஒட்டவைக்கும் ஒவ்வொரு பேடாக (செம்புத் திட்டாக) ஊசியால் சால்டர் பேஸ்ட், அதாவது பற்றுவைக்கும் பசை, வைக்க எனக்குப் பொறுமை கிடையாது. பேடு வரும் இடங்களில் மட்டும் ஓட்டை போட்ட தகடுதான் ஸ்டென்சில்; லேசரில் வெட்டிய ஸ்டீல் ஸ்டென்சில் வாங்கலாம்தான். ஆனால் இரண்டே போர்டு செய்துவிட்டு அடுத்த வாரம் டிசைனை மாற்றப்போகிறவனுக்கு அது எதற்கு? கூல்டிரிங்ஸ் டின்னின் பக்கச்சுவர் சுமார் 0.1 மி.மீ. தடிமன். கடை ஸ்டென்சிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

டின்னை வெட்டி விரித்து, வெளிப்பெயிண்டையும் உள்ளே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் பூச்சையும் வாட்டர் பேப்பரால் தேய்த்தெடுங்கள். உள்பூச்சு மிச்சமிருந்தால் ஓட்டை விழுந்த இடத்தில் சவ்வாக நிற்கும். பிறகு தின்னர் போட்டுத் துடைத்துவிட்டு விரல் படாமல் வையுங்கள்.

போர்டு வரையும் மென்பொருளான கீகேடில் (KiCad) பேஸ்ட் வைக்கும் இடங்களைக் காட்டும் பேஸ்ட் லேயரை மட்டும் எடுத்து, பேடுகள் வெள்ளையாகவும் மற்றதெல்லாம் கறுப்பாகவும் லேசர் பிரிண்டரில், வழவழப்பான பத்திரிகைத் தாளில் அடிக்க வேண்டும். பிறகு கரைசலில் போட்டு ஓட்டை அரிக்கும்போது பக்கவாட்டிலும் அரிக்கும் என்பதால் பேடை நாலாபுறமும் 0.08 மி.மீ. குறைத்துவிடுவேன்.

அடித்த தாளைத் தகட்டின் மேல் கவிழ்த்து இஸ்திரிப்பெட்டியால் தேய்த்தால் டோனர் (பிரிண்டரின் கறுப்புத் தூள் மை) தகட்டில் ஒட்டிக்கொண்டு, அந்த இடங்களை அரிக்காமல் காக்கும். பலர் குழம்புவது இங்கேதான்: கண்ணாடிப் பிம்பமாக அடிக்க வேண்டுமா? வேண்டாம். தேய்க்கும்போது படம் தானாகவே புரண்டுவிடும். பேஸ்ட் போடும்போது டோனர் இருந்த பக்கம் போர்டைப் பார்க்கும்படி தகட்டைக் கவிழ்த்தால் நேராகிவிடும். லாபம் இன்னொன்றும் உண்டு. அரிப்பு தொடங்கிய பக்கம் ஓட்டையின் வாய் அகலமாக இருக்கும். அந்த வாய் போர்டுப் பக்கம் இருந்தால், தகட்டைத் தூக்கும்போது பேஸ்ட் ஓட்டையில் ஒட்டாமல் கீழேயே தங்கும்.

பின்பக்கம் முழுக்க பேக்கிங் டேப். டோனரில் ஊசிமுனைத் துளைகள் தெரிந்தால் நெயில் பாலிஷ்.

அரிக்க நான் ஆசிட் தொடுவதில்லை. மயில்துத்தமும் (காப்பர் சல்பேட்) உப்பும் போதும், ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலா 75 கிராம். பிளாஸ்டிக் தட்டு, கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி. ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஹைட்ரஜன் வரும், கரைசலும் சூடாகும். செந்நிறச் செம்புத் தூள் படியப் படிய மெல்லிய பிரஷால் தள்ளிக்கொண்டே இருங்கள். அவ்வப்போது எடுத்து விளக்கில் காட்டிப் பாருங்கள். எல்லா பேடிலும் வெளிச்சம் வந்ததும் உடனே கழுவிவிடுங்கள், விட்டால் ஓட்டைகள் பெருத்துவிடும். தின்னரில் டோனர் போய்விடும்.

போர்டைச் சுற்றி அதே தடிமனுள்ள பழைய போர்டுகளை ஒட்டி, ஸ்டென்சிலை ஒரு ஓரம் டேப்பால் கீல் போலப் பிடித்து, பேஸ்டைக் காலாவதியான ஏடிஎம் கார்டால் ஒரே இழுப்பு. 0.65 மி.மீ. பிட்ச் (அடுத்தடுத்த கால்களின் மையங்களுக்கு இடையிலான தூரம்) வரை நம்பலாம். 0.5 என்றால் காசு கொடுத்து ஸ்டீலே வாங்குங்கள்.

மிச்சக் கரைசலை சாக்கடையில் கொட்டாதீர்கள், செம்பு மீன்களுக்கு விஷம். டின் துண்டுகளைப் போட்டு நீலம் போகும்வரை விட்டு, படிந்த செம்பை வடிகட்டித் தனியே எடுத்து வையுங்கள்.