மாநிலத் தண்டனையும் ஃபெடரல் தண்டனையும் சேர்ந்தே ஓடும் என்றார்கள், ஓடவில்லை: இனி என்ன செய்வது?

அமெரிக்காவில் ஒரே ஆள் மீது மாநில வழக்கும் ஃபெடரல் (மத்திய அரசு) வழக்கும் இருக்கும்போது இந்தச் சிக்கல் வருகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டால் இரண்டு தண்டனையும் ஏககாலத்தில் ஓடும் என்று மாநில அரசு வழக்கறிஞர் சொல்கிறார், நீதிபதியும் தீர்ப்பில் அப்படியே எழுதிவிடுகிறார், எல்லோரும் நிம்மதியாகக் கையெழுத்துப் போடுகிறார்கள். மாநில ஜெயிலில் காலம் முடிகிற அன்று ஃபெடரல் மார்ஷல்கள் வந்து கூட்டிக்கொண்டு போகிறார்கள், அங்கே கணக்கு முதல் நாளிலிருந்து ஆரம்பிக்கிறது.

எரிச்சல்தான், ஆனால் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. மாநில நீதிபதி எழுதியது ஃபெடரல் சிறைத்துறையைக் கட்டுப்படுத்தாது. வெவ்வேறு சமயத்தில் விதித்த தண்டனைகள், ஏககாலத்தில் என்று நீதிமன்றம் சொல்லாதவரை, ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓடும் என்கிறது ஃபெடரல் சட்டத்தின் தலைப்பு 18, பிரிவு 3584. அதனால் முதல் வேலை, ஃபெடரல் தீர்ப்பின் நகலை எடுத்து அதில் இதைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படிப்பது.

அடுத்து, முதலில் கைது செய்தது யார் என்று பாருங்கள். பெரும்பாலும் முதலில் பிடித்தவருக்குத்தான் காவல் உரிமை. மாநிலக் காவலில் இருப்பவரை ஃபெடரல் விசாரணைக்கு நீதிமன்ற ஆணை மூலம் கூட்டிப்போனால் அது இரவல் வாங்கியது மாதிரி, எத்தனை மாதம் அங்கே வைத்திருந்தாலும் அவர் மாநிலத்தின் கைதிதான். பல குடும்பங்கள் இங்கேதான் குழம்புகின்றன, ஃபெடரல் காவலில் இருந்த நாளெல்லாம் ஃபெடரல் தண்டனையில் கழியும் என்று நினைத்துவிடுகிறார்கள். மாநிலத் தண்டனையில் ஏற்கெனவே கழித்த நாளை ஃபெடரல் தண்டனையிலும் கழிக்கப் பிரிவு 3585 விடாது.

ஃபெடரல் தீர்ப்பு இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. அவர் இருந்த மாநில ஜெயிலையே ஃபெடரல் தண்டனைக்கான இடமாகப் பின்தேதியிட்டு அறிவிக்கும்படி ஃபெடரல் சிறைத்துறையைக் கேட்கலாம். பிரிவு 3621 அந்த அதிகாரத்தைத் தருகிறது, 1990-ல் வந்த பார்டன் எதிர் கியோஹேன் தீர்ப்பு அந்தக் கோரிக்கையைப் பரிசீலிக்க வேண்டும் என்று சொன்னது. தண்டனைக் கணக்கு போடும் மையம் டெக்சஸில் கிராண்ட் ப்ரெய்ரியில் இருக்கிறது, உள்ளே இருப்பவர் மாநில ஜெயிலிலிருந்தே அங்கே எழுதலாம். முடிவெடுக்கும் முன் தண்டனை விதித்த ஃபெடரல் நீதிபதியின் கருத்தையும் கேட்பார்கள், எனவே ஆட்சேபம் இல்லை என்று ஃபெடரல் அரசு வழக்கறிஞரிடம் ஒரு கடிதம் வாங்க முடிந்தால் பாதி வேலை முடிந்தது. மாநிலத் தீர்ப்பையும், குற்றத்தை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தையும் இணைக்க மறக்காதீர்கள். ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக என்று ஃபெடரல் நீதிபதியே வெளிப்படையாக எழுதியிருந்தால் இந்த வழியில் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம். மாநிலத் தண்டனை இன்னும் வராத நிலையிலும் அப்படி எழுத அவருக்கு அதிகாரம் உண்டு என்று 2012-ல் செட்சர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஃபெடரல் ஜெயிலுக்கு மாற்றிய பிறகு என்றால், உள்ளேயே மேல்முறையீட்டுப் படிகள் இருக்கின்றன. முதலில் ஊழியரிடம் பேசிப் பார்க்க வேண்டும், சரிவரவில்லை என்றால் சம்பவம் நடந்த 20 நாளுக்குள் வார்டனுக்கு பி.பி.-9 படிவம், அப்புறம் வட்டார அலுவலகத்துக்கு பி.பி.-10, கடைசியாகத் தலைமையகத்துக்கு பி.பி.-11. இதெல்லாம் முடிந்த பிறகுதான், அவர் அடைபட்டிருக்கும் மாவட்டத்தின் ஃபெடரல் நீதிமன்றத்தில் தலைப்பு 28, பிரிவு 2241-ன் கீழ் ஆட்கொணர்வு மனு. கட்டணம் 5 டாலர்தான்.

ஒப்பந்தம் உடைந்தது என்ற வாதம் தனி, அதை மாநில நீதிமன்றத்தில்தான் தொடங்க வேண்டும். இங்கே உங்களுக்கு ஆதாரம் 1971-ல் வந்த சான்டோபெல்லோ எதிர் நியூயார்க் தீர்ப்பு. தண்டனை பற்றி எதுவும் பரிந்துரைக்க மாட்டோம் என்று ஒரு அரசு வழக்கறிஞர் வாக்குக் கொடுத்தார், அடுத்து வந்தவர் அது தெரியாமல் அதிகபட்சத் தண்டனையைக் கேட்டார், நீதிபதி அந்தப் பரிந்துரை தன்னைப் பாதிக்கவில்லை என்றே சொன்னார், இருந்தும் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. வாக்கை நம்பி ஒருவர் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அதைக் காப்பாற்ற வேண்டும், இல்லையென்றால் ஒப்புதலைத் திரும்பப் பெற விட வேண்டும்.

அந்த வாக்கு பதிவில் இருக்கிறதா என்பதுதான் எல்லாமே. ஒப்புதல் கொடுத்த அன்றைய நீதிமன்ற உரையாடலின் எழுத்துப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். அரசுத் தரப்பு வாக்கே கொடுக்கவில்லை, சொந்த வக்கீல்தான் தப்பாகச் சொன்னார் என்றால் அது வேறு வாதம், தெரிந்திருந்தால் விசாரணைக்கே போயிருப்பேன் என்று காட்ட வேண்டியிருக்கும் (1985, ஹில் எதிர் லாக்ஹார்ட்).

என்ன கேட்பது என்பதை யோசித்துக் கேளுங்கள். ஃபெடரல் அரசுக்கு மாநில நீதிபதி உத்தரவு போட முடியாது, ஆனால் மாநிலத் தண்டனையைக் குறைக்கலாம், அல்லது மாநிலம் தன் காவல் உரிமையை விட்டுக்கொடுத்து அவரை ஃபெடரல் ஜெயிலுக்கு அனுப்பி, அங்கே கழியும் நாளையே மாநிலக் கணக்கிலும் வைத்துக்கொள்ளலாம். நடைமுறையில் இந்த இரண்டாவது வழிதான் எனக்குப் பிடித்தது. ஒப்புதலைத் திரும்பப் பெற்றால் கைவிட்ட பழைய குற்றச்சாட்டுகளும் திரும்ப வரலாம், கோபத்தில் அதைக் கேட்டுவிடாதீர்கள்.

காலக்கெடு முக்கியம். மாநிலத் தீர்ப்பை எதிர்த்து ஃபெடரல் நீதிமன்றம் போக பொதுவாக ஒரு வருஷம்தான், மாநிலத்துக்குள் இருக்கும் கெடுக்கள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு.

இன்னும் கையெழுத்துப் போடவில்லையா? அப்படியானால், ஃபெடரல் தரப்பு ஏககாலத்தில் ஓட்ட மறுத்தால் ஒப்புதலைத் திரும்பப் பெறலாம் என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுத வைத்துவிட்டு அப்புறம் போடுங்கள்.