கல்லூரி முதல் ஆண்டு: சாப்பாட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வீட்டில் சாப்பிடக் கூப்பிட ஆள் இருந்தது, விடுதியில் இல்லை. அதனால் முதல் ஆண்டில் என்ன சாப்பிடுகிறோம் என்பதற்கு முன்னால் எப்போது சாப்பிடுகிறோம் என்பதே கெட்டுப்போகிறது.

ஒன்பது மணி வகுப்புக்கு எட்டே முக்காலுக்கு எழுந்தால் காலைச் சாப்பாடு போச்சு. பதினொரு மணிக்கு வயிற்றைக் கிள்ளும்போது கையில் கிடைப்பது பிஸ்கட்டும் குளிர்பானமும். மதியம் பசி மந்தம். விட்டதெல்லாம் சேர்ந்து இரவு பதினொன்றுக்கு உள்ளே போகிறது. நெஞ்செரிச்சல், தூக்கம் தள்ளிப்போகிறது, மறுநாளும் அதே எட்டே முக்கால். இதைக் காலையில்தான் அறுக்க முடியும். 2 அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம், 250 மி.லி. பால்: சுமார் 20 கிராம் புரதம். கிலோவுக்கு 0.8 கிராம் என்ற கணக்கில் 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 48 கிராம் வேண்டும். அதில் ஐந்தில் இரண்டு பங்கு வகுப்புக்கு முன்பே முடிந்துவிடும். முட்டை வேண்டாதவர்களுக்கு இரண்டு கைப்பிடி வேர்க்கடலை போதும்.

இரவு நூடுல்ஸை விடச் சொன்னால் யாரும் விடப்போவதில்லை. பாக்கெட்டைத் திருப்பிச் சோடியம் அளவையாவது பாருங்கள். 1,000 மி.கி. என்றிருந்தால் 2.5 ஆல் பெருக்குங்கள்: 2.5 கிராம் உப்பு. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கச் சொல்லும் உச்சவரம்பே 5 கிராம்தான். பாக்கெட்டில் போட்டிருக்கும் சோடியம் அளவு 100 கிராமுக்கா, முழுப் பாக்கெட்டுக்கா என்பதையும் கவனியுங்கள். பலர் ஏமாறுவது அங்கேதான். மசாலாவில் பாதியைப் போட்டு, ஒரு முட்டையும் கொஞ்சம் காய்கறியும் சேர்த்தால் அது ஓரளவு சாப்பாடாகிவிடும்.

மாலை ஆறுக்குக் குடித்த காபியின் காஃபீனில் ஏறக்குறைய பாதி இரவு பதினொன்றுக்கும் உடம்பில் இருக்கும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்து சரியாக ஏறாது. ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். மாதவிடாய் இழப்பு இருப்பதால் பெண்களுக்கு இது கூடுதல் முக்கியம்.

இன்னொன்று, எடை பயம். முதல் ஆண்டில் ஏழு கிலோ ஏறும் என்பது வெறும் பேச்சு. ஆய்வுகளில் சராசரி ஒன்றரை கிலோவை ஒட்டியே வருகிறது. அதற்காகப் பட்டினி கிடந்தால் மேலே சொன்ன இரவுப் பசிதான் இரட்டிப்பாகும். சாப்பிட்டாலே குற்ற உணர்வு, வாந்தியெடுத்துவிடத் தோன்றுவது என்று போனால் அதை டயட் என்று நினைத்துச் சும்மா இருக்காதீர்கள். அந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள்.